எட்டு மாதத்தை ஏழு என்று எழுதினோம்

"தூக்காதே! யார் உன்னைத் தூக்கச் சொன்னது?"

நான் போட்ட சத்தத்தில் எஸ்தர் கையிலிருந்த குழந்தையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேட்ரன் அம்மா கதவைத் திறந்தார்கள். தரையில் துணி சுற்றிய குழந்தை குப்புறக் கிடக்கிறது. சுற்றிலும் நான்கு நர்ஸுகள் நிற்கிறார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "விழுந்தா விழட்டும், மறுபடியும் முதல்லேருந்து செய்" என்று அதட்டிக்கொண்டிருக்கிறேன். மேட்ரன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

குழந்தைக்குள் இருந்தது பாலாற்று மணல். சல்லடையில் சலித்து, வெயிலில் காயவைத்து, பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் தைத்த பைக்குள் நானே கொட்டி மூட்டியது. வார்டுத் தராசில் நிறுத்துச் சரியாக மூன்று பவுண்டு. தலைப் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும்படி செய்திருந்தேன். குறைமாதக் குழந்தைக்கும் அப்படித்தானே. தலை மட்டும்தான் குழந்தை மாதிரி இருக்கும், மற்றதெல்லாம் ஒரு பிடி.

"உயிரே போயிடுச்சு மரகதம்" என்றார்கள் மேட்ரன் அம்மா, தண்ணீரைக் குடித்துவிட்டு. "பொம்மைக்கு எதுக்கு இத்தனை கோபம்?"

"பொம்மையைக் கீழே போடுறவ நாளைக்கு நெசத்தையும் போடுவா மேடம்" என்றேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாக்கு இப்போது இருப்பதைவிட நீளம்.

தொடாதே என்பதுதான் முதல் பாடம்

அந்த நான்கு பேரும் நல்ல நர்ஸுகள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவர்கள். பிரசவ வார்டில் கைதேர்ந்தவர்கள். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. நிறைமாதக் குழந்தையை எடுத்து எடுத்துப் பழகிய கை, எல்லாவற்றையும் எடுக்கும். குழந்தை அழவில்லையா, கால் இரண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் ஒரு தட்டு. குளிப்பாட்டு, புரட்டு, பவுடர் போடு, வந்தவர்களிடம் எல்லாம் காட்டு.

குறைமாதக் குழந்தையிடம் இதெல்லாம் செல்லாது. துணி மாற்றுவது, துடைப்பது, பால் புகட்டுவது எல்லாம் அது படுத்திருக்கும் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். கையை முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவிய கை சில்லிட்டிருக்கும், அதைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். அப்புறம் தொடலாம், அதுவும் அவசியம் இருந்தால். சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பது போலக் கடினமான வேலை வேறில்லை. பதறாத காரியம் சிதறாது என்று நம் ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னவர்கள் யாரும் நர்ஸாக வேலை பார்த்திருக்க மாட்டார்கள். பதறாமல் இருந்தால் நர்ஸுக்குச் சோம்பேறி என்று பெயர் வந்துவிடும்.

அதனால்தான் மணல் குழந்தை. இரண்டு வாரம் அதோடு பழகிய பிறகுதான் உண்மைக் குழந்தை என்று சட்டம் போட்டிருந்தேன். எஸ்தர் அதற்குப் பெயர்கூட வைத்திருந்தாள். அதை எனக்குச் சொல்ல மாட்டார்கள். என் பெயரைத்தான் வைத்தார்கள் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

மெட்ராஸில் ஆறு வாரம்

போன வாரம் எங்கள் நர்ஸிங் விடுதியின் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "எங்கள் விடுதியிலும் அதே சாம்பார்தான், ஒருவேளை அதே அண்டாவோ" என்று எழுதியிருக்கிறார். இருக்கலாம். அந்த அண்டா எங்கும் போகக்கூடியதுதான்.

அந்தச் சாம்பார்க் காலம் முடிந்து, காஞ்சிபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆன பிறகு ஒரு நாள், குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்கு ஒருவரை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூத்தவர்களுக்குக் குடும்பம் இருந்தது. எனக்கு இல்லை. என்னைத் தேர்ந்தெடுத்த திறமை அவ்வளவுதான்.

சொல்லிக்கொள்ளத் தென்னேரிக்குப் போனேன். அப்பா ஏரிக்கரையில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மாட்டையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொறமாசக் கன்னுக்குட்டிய வைக்கப்போர்ல அணைச்சிப் போட்டு, நாய் கிட்ட வராம பாத்துக்கினா, அது பாட்டுக்கு எழுந்து நிக்குது. இதுக்கு மெட்ராஸ் வரிக்கும் போயி இன்னாத்தமா கத்துக்கப் போற?"

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வாரம் படித்துக் குறிப்பேடு நிரம்பி வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அப்பா சொன்னதில் முக்கால்வாசி சரி. சூடு வேண்டும், சுத்தம் வேண்டும், சொட்டுச் சொட்டாகப் பால் வேண்டும், மற்ற நேரம் சும்மா விட வேண்டும். பாடத்தை நான் 'நாலு சானா' என்று பெயரிட்டு நடத்தினேன். மீதிக் கால்வாசிதான் மெட்ராஸ் கற்றுக்கொடுத்தது. மூச்சு விட மறந்துபோகும் குழந்தைக்கு அதை எப்படி நினைவுபடுத்துவது என்பது அந்தக் கால்வாசியில் இருந்தது. அதற்கே ஆறு வாரம் தகும்.

அப்பாவிடம் இதைக் கடைசி வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

ஆசாரியின் பெட்டி

மெட்ராஸில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. எங்களுக்கும் ஒன்று கேட்டதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் வரை குழந்தைகள் காத்திருக்குமா? டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தறி செய்யும் ஆசாரி ஒருவரைப் பிடித்தேன்.

நான் வரைந்து காட்டிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீளம் அகலம் சரிம்மா. உள்ள யாரு படுக்கப் போறாங்க?" என்றார்.

சொன்னேன். மனிதர் படத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நாலாவது நாள் பெட்டியோடு வந்தார். கீழ்த்தட்டில் இரண்டு பல்பு, மேலே துவாரம் போட்ட பலகை, அதன் மேல் மெத்தை, மூடியில் கண்ணாடி. எல்லாம் சொன்னபடி. பிறகு மடியிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்தார். பெட்டியின் உள்பக்கம் நான்கு சுவரிலும், மூலைகளிலும், அந்த இழையை மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். எங்கும் சிக்கவில்லை.

"ஒரு செராய் இருந்தா நூலு காட்டிக் குடுத்துடும். தறிக்கு நாங்க இப்படித்தான் பாப்போம்" என்றார்.

அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. மெட்ராஸ் பெட்டியை யாரும் பட்டு நூல் விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெங்காயச் சருகும் கத்தரிப்பூவும்

நான்கு பேரில் சரோஜா பிள்ளையார்பாளையத்துக்காரி. நெசவாளர் வீட்டுப் பெண். பிறந்ததிலிருந்து சாயம் தோய்த்த நூல் கண்முன் காய்ந்துகொண்டிருந்த வீடு.

குழந்தையின் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் மூன்றாவது பாடம். உதட்டைச் சுற்றி லேசாக நீலம் ஓடினால் மூச்சு நின்றிருக்கிறது என்று அர்த்தம். உடனே உள்ளங்காலைச் சுண்ட வேண்டும். அது திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். புத்தகத்தில் இருந்தபடி 'நீலம்' என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று பேர் நீலத்தைத் தேடிக்கொண்டு நின்றார்கள். நீலம் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போது பாதி நேரம் போயிருக்கும்.

சரோஜா மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சிஸ்டர், இது நீலம் இல்ல. நல்லா இருக்கிற கொழந்த வெங்காயச் சருகு கலர்ல இருக்குது. மூச்சு கொறையச் சொல்ல கத்திரிப்பூ கலர் வருது. அதுக்கு அப்பறம்தான் நீங்க சொல்ற நீலம்."

இரண்டுமே புடவைக் கடையில் கேட்டு வாங்கும் நிறங்கள். காஞ்சிபுரத்தில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் தெரியும். என் குறிப்பேட்டில் 'நீலம்' என்று இருந்ததை அடித்துவிட்டுக் 'கத்தரிப்பூ' என்று எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் அறையில் அதுதான் பாஷை. மஞ்சள் காமாலை வந்தால் மாம்பழம். டாக்டரம்மாகூட ரவுண்ட்ஸ் வரும்போது, "இன்னிக்கு என்ன புடவைம்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏழு பிழைக்கும், எட்டு பிழைக்காது

எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் சொல்லி மாற்ற முடியவில்லை.

ஏழாம் மாதம் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தது பிழைக்காது என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. நெசவாளர் வீடு, விவசாயி வீடு, படித்தவர் வீடு என்று வித்தியாசம் கிடையாது. எங்கள் தென்னேரியிலும் அதே பேச்சுதான். எட்டு என்று கேட்டதும் முகம் விழுந்துவிடும். பால் புகட்டுகிற கை தளர்ந்துவிடும். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் எந்தக் குழந்தைதான் பிழைக்கும்?

ஒரு மத்தியானம் முழுக்க இதற்காகவே வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் கோடு போட்டு, ஒவ்வொரு வாரமும் வயிற்றுக்குள் என்னென்ன வளர்கிறது என்று எழுதினேன். "நாலு வாரம் கூடுதலா அம்மா வயித்துல இருந்த கொழந்த எப்படி பலவீனமாகும்? சோறு நாலு பிடி கூடத் தின்னா உடம்பு இளைக்குமா?" என்று கேட்டேன். நான்கு தலையும் ஆடின. எஸ்தர் நோட்டில் அடிக்கோடு போட்டாள். நான் கையைத் தட்டிக்கொண்டு சுண்ணாம்புப் பொடியை உதறினேன். ஒரு மூடநம்பிக்கையை ஒழித்த திருப்தியோடு இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

பூங்காவனத்தின் பெண்

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு காலையில் பிள்ளையார்பாளையத்திலிருந்து பூங்காவனம் என்ற பெண்ணைக் குதிரை வண்டியில் வைத்து அழைத்து வந்தார்கள். இருபது வயது இருக்கும். இதற்கு முன்னால் இரண்டு கலைந்துபோயிருந்தன. கூட வந்தவள் அவளுடைய நாத்தனார் தையல்நாயகி. கணவனை இழந்து தம்பி வீட்டில் இருப்பவள். பட்டு நூல் சுற்றுகிறவள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம் என்று வந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வண்டிக்காரன்கூட அவளிடம் பயந்துதான் நின்றான்.

எத்தனை மாதம் என்று எஸ்தர் கேட்டாள். "ஏழு" என்றாள் தையல்நாயகி. எஸ்தர் அப்படியே எழுதினாள்.

மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. மூன்று பவுண்டும் இரண்டு அவுன்ஸும். பெட்டியில் வைத்து, 'ஏழு மாதம்' என்று எழுதிய அட்டையைப் பெட்டியின் முகப்பில் மாட்டினாள் எஸ்தர்.

நான் குழந்தையைப் பார்த்தேன். உள்ளங்காலில் கோடு விழுந்திருந்தது. காது மடல் மடித்தால் திரும்பி நிமிர்ந்தது. எடை குறைவுதான், ஆனால் ஏழு மாதத்துக் குழந்தை இது இல்லை. எட்டு நன்றாக நடந்துகொண்டிருக்கிறது.

தப்பாக எழுதிய எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அட்டையைக் கழற்றினேன். பக்கத்திலிருந்த சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

"அக்கா, வேணாம். எட்டுன்னு எழுதாதீங்க."

"ஏன்?"

"எங்க தெரு பத்தி உங்களுக்குத் தெரியாது. எட்டுன்னு தெரிஞ்சா எதுக்கு ஆஸ்பத்திரியில போட்டு வைக்கணும், வூட்டுலயே கண்ண மூடட்டும்னு தூக்கினு பூடுவாங்க. அந்த தையநாயகி அக்கா ஒரு வார்த்த சொன்னா போதும், இந்தப் பொண்ணு வாயத் தொறக்காது. அவங்களா தப்பா எண்ணி ஏழுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. இருந்துட்டுப் போவட்டுமே."

வீட்டுக்கு அனுப்ப நாலரைப் பவுண்டாவது வர வேண்டும். ஐந்து வாரம் ஆகும். அதற்குள் இந்தப் பெட்டியை விட்டு எடுத்தால், இந்த மழைக் குளிரில் குழந்தை இரண்டு நாள் தாங்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். "எடையைப் பார்த்துத்தானே பால் அளக்கிறோம்? என் பேப்பரில் நான் எட்டுன்னே எழுதிக்கிறேன். பெட்டியில் தொங்குற அட்டை உன் பாடு, உன் மனசாட்சி பாடு."

அட்டையை அப்படியே மாட்டினேன். தெரிந்தே ஒரு பொய்யைத் தொங்கவிட்டது என் உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. டாக்டரம்மாவைத் தவிரச் சரோஜாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற மூன்று பேரிடம் சொல்லவில்லை. எங்காவது வாய் தவறிவிட்டால் அந்த வீட்டார் காதுக்குப் போய்விடும்.

எஸ்தரின் மத்தியானம்

அதன் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வது! இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் என்றால் மணி அடிக்கும்போதே எஸ்தர் கை கழுவிக்கொண்டிருப்பாள். பூங்காவனம் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை முதலில் மூக்குக் குழாய் வழியாகவும், பிறகு பாலாடையாலும் ஒரு சொட்டு சிந்தாமல் புகட்டினார்கள். டியூட்டி முடிந்தவள் உடனே வீட்டுக்குப் போகாமல் தெர்மாமீட்டரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள். இதெல்லாம் என் பயிற்சியின் பலன் என்று நான் மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் இடி இடித்துக் கரண்ட் போய்விட்டது. பெட்டிக்குள் பல்பு அணைந்தது. வெந்நீரை பாட்டில்களில் ஊற்றி, கம்பளித் துணி சுற்றி, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, மெத்தைக்கு இருபுறமும் வைத்தோம். ஒரு பாட்டில் ஆறுவதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். நான் அடுப்படிக்கும் அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். சரோஜாவுக்கு அன்று லீவு.

ஜன்னலில் மழை இருட்டு. நான் பாட்டிலோடு நுழையும்போது எஸ்தர் பெட்டிக்கு மேல் குனிந்திருந்தாள். "கத்திரிப்பூ" என்றாள், யாரிடமும் இல்லாமல். அவள் கை உள்ளே போனது. உள்ளங்காலில் ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு. குழந்தையைத் தூக்கவில்லை, குலுக்கவில்லை, என்னைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. மூன்றாவது சுண்டுக்கு அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. முனகல் ஒன்று வந்தது.

"வெங்காயச் சருகு வந்துடுச்சு சிஸ்டர்" என்றாள் எஸ்தர். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். பாட்டில் ஆறிவிடும் என்று திட்டிக்கொண்டே அழுதேன்.

விரல் விட்டு எண்ணியவர்

நாலாவது வாரம், எடை நாலு பவுண்டை நெருங்கும்போது ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. வாலாஜாபாத்திலிருந்து தையல்நாயகியின் பெரியம்மா ஒருவர் பார்வையாளர் நேரத்தில் வந்தார். கண்ணாடி வழியே குழந்தையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏழா? எப்படிடி ஏழு?" என்று பூங்காவனத்தைப் பார்த்தார். "வைகாசி கருட சேவைக்கு நான் வந்தப்பவே உனக்கு மூணு மாசம்னு சொன்னீங்களே. ஆனி நாலு, ஆடி அஞ்சு, ஆவணி ஆறு, பொரட்டாசி ஏழு…"

பெரியம்மாவின் கட்டைவிரல் அடுத்த விரலுக்கு நகர்ந்தது. இந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் பட்ட பாடெல்லாம் பாழ். அப்போது பின்னால் தடாலென்று ஒரு சத்தம். சரோஜா கிட்னி டிரேயையும் கத்தரிக்கோல்களையும் மொத்தமாகத் தரையில் போட்டிருந்தாள்.

"அய்யய்யோ பெரிம்மா, கால்ல கண்ணாடி குத்திக்கப் போவுது, வெளிய வாங்க!" என்று தையல்நாயகி பெரியம்மாவின் கையை இழுத்தாள். "வாலாஜாபாத் பஸ்ஸுக்கும் நேரம் ஆவுது. மழ வேற தூறிக்கினு இருக்குது. நீ எண்ணிக்கினே நின்னா பஸ்ஸு நிக்குமா?"

விழுந்ததில் கண்ணாடி ஒன்றும் இல்லை. ஆனால் பெரியம்மா வெளியே போய்விட்டார். நல்ல காலம், தையல்நாயகி எதையும் கவனிக்கவில்லை என்று சரோஜாவும் நானும் பெருமூச்சு விட்டோம். கத்தரிக்கோல்களைப் பொறுக்கிக்கொண்டே இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

புறப்படும் நாள்

கார்த்திகை தீபம் முடிந்து சில நாளில் குழந்தை நாலு பவுண்டு பத்து அவுன்ஸ் நின்றது. முலை பிடித்துக் குடித்தது. டாக்டரம்மா வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நான்கு நர்ஸுகளும் வரிசையாக நின்றார்கள். பூங்காவனம் குழந்தையை மார்போடு சேர்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசு சும்மா இருக்காது, பிரசங்கம் செய்யும். இனி ஆபத்தில்லை, உண்மையைச் சொல்லி ஒரு பாடம் நடத்திவிடலாம் என்று தோன்றியது.

"தையல்நாயகி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. இது ஏழு மாசக் கொழந்த இல்ல, எட்டு. தெரிஞ்சா நீங்க தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு நாங்கதான் மறைச்சோம்."

எஸ்தர், "எட்டா!" என்றாள். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தையல்நாயகி மட்டும் அசையவில்லை.

"எனக்குத் தெரியாதா நர்ஸம்மா? நாள் எண்ணினவளே நான்தானே" என்றாள்.

பூங்காவனம் குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்போ எதுக்கு ஏழுன்னு சொன்னீங்க?"

"உங்களுக்காவத்தான் சொன்னேன்." குழந்தையின் பக்கம் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு எட்டுல பொறந்துச்சும்மா. எத்தினி மாசம்னு மருத்துவச்சி கேட்டா. நான் உள்ளத சொன்னேன். துணியில சுத்தி ஓரமா வெச்சிட்டு என்னைப் பாக்க வந்துட்டா. மூணு நாளு இருந்துச்சு. மூணு நாளும் அழுதுக்கினே இருந்துச்சு. யாரும் கிட்டப் போவல. என்னையும் வுடல. இந்த வாட்டி ஏழுன்னு சொன்னா நீங்க கையை வுட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அவள் மேல் இரக்கமும் வந்தது, ரோஷமும் வந்தது. "நாங்க அப்படிச் செய்வோமா? நாங்க படிச்சவங்க. எட்டுதான் ஏழை விட பலம்னு இவங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கேன்."

"வகுப்பு எடுத்தீங்களோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. அன்னிக்கு சீட்டு எழுதற எடத்துல எனக்கு முன்னால ஒரு பொண்ணு நின்னுச்சு. எட்டு மாசம், வலி வருதுன்னுச்சு. அங்க இருந்த நர்ஸம்மா 'எட்டா?'ன்னு கேட்டு உச்சு கொட்டிச்சு. அதைப் பாத்துதான் என் வாயில ஏழுன்னு வந்துச்சு. வர்ற வழியெல்லாம் எட்டுன்னு சொல்லத்தான் நெனச்சிக்கினு வந்தேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான்கு பேர் பக்கம் திரும்பினேன். "யாரது? யாருடி உச்சு கொட்டினது? அன்னிக்கு சீட்டு எழுதினது எஸ்தர்தானே?"

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொண்ண திட்டாதீங்க" என்றாள் தையல்நாயகி. "அது எழுதிக்கினு இருந்துச்சு. பக்கத்துல நின்னு உச்சு கொட்டினது நீங்கதாம்மா."

குழந்தை தும்மியது.

அந்த முன்னால் நின்ற பெண்ணை எனக்கு நினைவிருந்தது. அவளுக்கு வலி நின்றுபோய், நல்லபடியாக மாதம் நிறைந்து பெற்றாள். அவள் கட்டியிருந்த புடவையின் நிறம்கூட நினைவிருந்தது. என் நாக்கு செய்த சத்தம் மட்டும் நினைவில்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை, இன்று வரை வரவில்லை. கரும்பலகையில் அத்தனை கோடு போட்டவளுக்குள் தென்னேரி அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். நான் உச்சு கொட்டியது எஸ்தருக்கு அன்றே தெரியும். இத்தனை நாளும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"மன்னிச்சுக்கோ எஸ்தர்" என்றேன். யாரிடமும் அதற்கு முன் சொல்லிப் பழக்கமில்லாததால் அது சரியாக வரவில்லை. எஸ்தர் சிரித்துவிட்டாள். சரோஜாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

பெட்டியிலிருந்து அட்டையைக் கழற்றினேன். பேனாவைத் திறந்து, தையல்நாயகியின் முகத்தைப் பார்த்தேன்.

"எழுதுங்கம்மா" என்றாள் அவள், குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு. "இப்ப எட்டுன்னு எழுதுனா பரவால்ல."